இரண்டு பேர் இடத்தில் ஒரு துண்டு

முன்பொரு சித்திரை மாதத்துச் சனிக்கிழமை, வெயில் தாழ்ந்த நேரத்தில், திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் ஒரு துண்டு பறந்தது.

தானாகப் பறக்கவில்லை. சோலைமணி என்பவர் எறிந்தார். பேருந்து அப்போதுதான் உள்ளே நுழைந்திருந்தது. சக்கரம் இன்னும் நிற்கவில்லை. எந்த ஊர் வண்டி என்று பலகையைக்கூட யாரும் படிக்கவில்லை. அதற்குள் ஜனம் ஓடியது, ஓடுகிறபோதே கையில் இருந்ததையெல்லாம் ஜன்னல் வழியாக உள்ளே போட்டது. பை போனது, தண்ணீர் பாட்டில் போனது, குடை போனது. ஒருவர் சட்டைப் பையிலிருந்த சீப்பை எடுத்துப் போட்டார். சோலைமணி தோளில் கிடந்த துண்டை உருவி, ஆற்றில் வலை வீசுகிறவரைப் போல ஒரு வீசு வீசினார். அது இரண்டு பேர் உட்காருகிற இருக்கை ஒன்றில், இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை நீட்டி நிமிர்ந்து விழுந்தது.

இதற்கு நம் ஊரில் இடம் பிடிப்பது என்று பெயர். எந்தச் சட்டப் புத்தகத்திலும் இது கிடையாது. ஆனால் சட்டப் புத்தகத்தில் இருப்பதையெல்லாம் மீறுகிறவர்கள்கூட இதை மட்டும் மீறமாட்டார்கள். சிவப்பு விளக்கைத் தாண்டி வண்டியை விடுகிற மனிதர், இருக்கையில் கிடக்கும் துண்டைத் தொடக்கூடப் பயப்படுவார்.

துண்டுக்கு அது நன்றாகத் தெரியும். வெள்ளை ஈரிழைத் துண்டு, ஊதாக் கரை. விழுந்த வேகத்திலேயே சுருக்கங்களை நீவிக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டது.

"யாரு நீ?" என்று அடியிலிருந்து ஒரு குரல் கேட்டது. இருக்கைதான். ரெக்சின் கிழிந்து, உள்ளே இருக்கும் பஞ்சு எட்டிப் பார்க்கும் கிழிசல் இருக்கை. அதன் முதுகில் யாரோ பேனாவால் இரண்டு பெயர்களை எழுதி நடுவே ஒரு பூவும் போட்டிருந்தார்கள்.

"இந்த இடத்துக்குச் சொந்தக்காரன்," என்றது துண்டு.

"அப்படியா? நேத்து ஒரு மஞ்சப் பை இதையேதான் சொல்லுச்சு. முந்தாநாள் ஒரு முருங்கைக்காய்க் கட்டு."

"நான் முருங்கைக்காய் இல்ல. துண்டு. தோள்ல இருக்கிறவன்."

"சரிங்க தோள்ல இருக்கிறவரே. கரை ஊதாவா இருக்கே, எந்தக் கட்சி?"

"எந்தக் கட்சியும் இல்ல. கடையில அந்தக் கலர்தான் மிச்சம் இருந்துச்சு."

இருக்கை சிரித்தது. ஸ்பிரிங் கிரீச்சிட்டது.

முன் இருக்கையிலிருந்து ஒரு வயர் கூடை திரும்பிப் பார்த்தது. பச்சையும் மஞ்சளுமாகப் பின்னிய பெரிய கூடை. அதைக் கொண்டுவந்த அமலோற்பவம் அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து இடத்தில் கூடையை உட்கார வைத்திருந்தார்.

"தம்பி புதுசா?" என்றது கூடை. "ஒண்ணு சொல்றேன் கேட்டுக்க. விறைப்பா இருக்கணும். கொஞ்சம் சுருங்கினாப் போதும், 'தள்ளிக்கங்க'ன்னு வந்துருவாங்க. என்னைப் பாரு. உள்ள நாலு மாம்பழமும் ஒரு சம்படமும்தான் இருக்கு. ஆனா பார்க்க எப்படி இருக்கேன்?"

"ரெண்டு ஆள் மாதிரி இருக்கீங்க," என்றது துண்டு மரியாதையாக.

"அதான் தொழில்," என்றது கூடை.

அந்த நேரத்தில் வெளியே நடத்துநர் விசிலடித்துக் கத்தினார். "நத்தம், நத்தம்! நத்தம் மட்டும் ஏறு!"

படியில் ஒரு காலை வைத்திருந்த சோலைமணி அப்படியே நின்றார். "வேடசந்தூர் இல்லையா?"

"அண்ணே, தலைக்கு மேல பலகை இருக்குல்ல? படிச்சுட்டு ஓடி வரக் கூடாதா?"

சோலைமணி போக வேண்டியது வேடசந்தூர். அது வேறு திசை. அவர் துண்டு கிடந்த ஜன்னலைப் பார்த்தார். சரியாக அதே நேரம் பின்னால் வேடசந்தூர் வண்டி உள்ளே திரும்பியது. ஜனம் மறுபடி ஓடியது. துண்டை எடுப்பதா, இடத்தைப் பிடிப்பதா என்று அவர் யோசித்தது கண் இமைக்கிற நேரம்தான். பிறகு கக்கத்தில் இருந்த பையை வேடசந்தூர் வண்டியின் ஜன்னலுக்குள் எறிந்துவிட்டுப் பின்னாலேயே ஓடினார்.

இதையெல்லாம் துண்டு பார்த்துக்கொண்டுதான் இருந்தது. எதிர் வண்டியில் ஜன்னலோரம் சோலைமணி உட்கார்ந்தார். மடியில் பை. முகமெல்லாம் வியர்வை. தோளில் கையை வைத்துத் தேடினார், ஒன்றும் இல்லை. சட்டை முனையைத் தூக்கி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"உன் ஆளு அங்க உக்காந்துட்டாரு போல," என்றது இருக்கை.

"வருவாரு."

"அந்த வண்டி கிளம்புது பாரு."

துண்டு பார்க்கவில்லை. பார்க்காமலிருக்க அது ஒரு வழி கண்டுபிடித்துவிட்டது. "எனக்குக் கொடுத்த வேலை இடத்தைப் பாத்துக்கறது," என்றது. "ஆள் வர்றாரா இல்லையான்னு பாக்கறது என் வேலை இல்ல."

நத்தம் வண்டியும் கிளம்பியது. அதற்குள் நிற்பதற்கும் இடமில்லாமல் கூட்டம் ஏறியிருந்தது. கம்பியைப் பிடித்துத் தொங்குகிறவர்கள், ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்தவர்கள், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு இன்னொரு கையால் பையைப் பிடித்தவர்கள். நடுவே, இரண்டு பேர் தாராளமாக உட்காரக்கூடிய இருக்கையில், ஒரு துண்டு மட்டும் படுத்துக்கொண்டு போனது.

பிள்ளையை இடுப்பில் வைத்திருந்த கோமதி என்ற பெண் கேட்டாள். "இங்க ஆள் இருக்கா?"

கம்பியில் சாய்ந்து நின்ற பால்பாண்டி என்பவர் முந்திக்கொண்டு பதில் சொன்னார். "துண்டு கிடக்கு தெரியலயாம்மா? ஆள் வருது."

"எங்கண்ணே போயிருக்காரு?"

"டீ குடிக்கப் போயிருக்காரு."

பால்பாண்டி சோலைமணியைக் கண்ணால் பார்த்ததில்லை. டீயையும் பார்த்ததில்லை. ஆனால் சொல்லியாகிவிட்டது. வண்டி நிலையத்தை விட்டு வெளியேறிய பிறகு இன்னொருவர் கேட்டார். "டீ குடிக்கப் போனவரு ஏறிட்டாரா?"

"பின் வாசல்ல ஏறியிருப்பாரு. கூட்டத்துல வர முடியல போல."

அந்தப் பேச்சு அப்படியே பின்னால் நகர்ந்து, பின் வாசலைத் தொட்டுவிட்டுத் திரும்பி வரும்போது வளர்ந்து வந்தது. "யாரோ பெரிய ஆளாம்." "ரெண்டு சீட்டாம் அவருக்கு." "கூட யாரோ வர்றாங்களாம்."

துண்டுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. இத்தனை பேரும் தனக்காக நிற்கிறார்கள். பிள்ளை அழுகிறது, அப்போதும் நிற்கிறார்கள். தன் வாழ்நாளில் இப்படி ஒரு மரியாதையை அது பார்த்ததில்லை. கூடை திரும்பிப் பார்த்து, 'எப்படி?' என்பதுபோல ஒரு பார்வை பார்த்தது.

அப்போதுதான் இன்னொரு பெண் இருக்கைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். பெயர் பாண்டிமீனா. கடைசியாக ஓடிவந்து ஏறியவள். ஜவுளிக்கடைச் சீருடைச் சேலை, நெஞ்சில் பெயர் எழுதிய அட்டை. ஒரு கையால் மேல் கம்பியைப் பிடித்திருந்தாள். மறு கையில் ஒரு புத்தகமும் கசங்கிய கைக்குட்டையும். புத்தகத்தைக் கட்டை விரலால் திறப்பாள். ஒரு வரி படிப்பாள். வண்டி பிரேக் போடும். புத்தகம் மூடிக்கொள்ளும். மறுபடி திறப்பாள். இடது காலில் நிற்பாள். கொஞ்ச நேரத்தில் வலது காலுக்கு மாறுவாள். பிறகு எந்தக் காலுக்கு மாறுவது என்று தெரியாமல் நிற்பாள்.

அவள் கைக்குள் இருந்த கைக்குட்டை துண்டைப் பார்த்தது. மூலையில் சின்னதாகப் பூ வேலை செய்த, உள்ளங்கை அகலத் துணி. அன்றைக்குப் பூராவும் வியர்வை குடித்து நனைந்து போயிருந்தது.

"எந்திரி," என்றது கைக்குட்டை.

துண்டுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "யார்கிட்ட பேசறேன்னு தெரியுதா?"

"தெரியுது. ஆள் இல்லாத துண்டுகிட்ட. எந்திரி."

"ஆள் வருது."

"எந்த ஆளு? வண்டி ஊரைத் தாண்டியாச்சு. பறந்து வருவாரா?"

"ஏய், ஏய்," என்று கூடை இடையில் புகுந்தது. "முன்னாடி வந்தவங்களுக்குத்தான் இடம். அது ஒரு முறை. உனக்கு வேணும்னா நீயும் பறந்து வந்து விழுந்திருக்கணும். ஏன் விழல?"

"ஏன்னா நான் வேலை செஞ்சுகிட்டு இருந்தேன்," என்றது கைக்குட்டை. "இவ காலையில கடைக்குள்ள போனா. இப்பத்தான் வெளிய வர்றா. இடையில உக்காரவே இல்ல. சாப்பிடக்கூட நின்னுகிட்டேதான். கடையில ஒரு ஸ்டூல் இருக்கு, தெரியுமா? அதுல யாரு உக்காருவான்னு கேளு."

"யாரு?" என்றது இருக்கை.

"வாங்க வர்றவங்களோட பை! பை உக்காரும். இவ நிப்பா. உக்காந்தா சூப்பர்வைசர் கூப்பிட்டுக் கேப்பாரு. அங்கயும் பை. இங்க வந்தா, துண்டு! இந்த ஊர்ல உக்கார்றதுக்குக் காலும் இடுப்பும் இருக்கக் கூடாதா? அப்படி ஏதாவது விதி இருக்கா?"

இருக்கைக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டது.

"இதெல்லாம் என்கிட்ட ஏன் சொல்ற?" என்றது துண்டு. "கஷ்டம் எல்லாருக்கும்தான் இருக்கு."

"நாளைக்கு இவளுக்குப் பரீட்சை. தபால்ல பி.ஏ. படிக்கிறா. வீட்டுக்குப் போனா தண்ணி எடுக்கணும், தம்பிகளுக்கு ஆக்கிப் போடணும். படிக்கிறதுக்குன்னு இவளுக்கு உள்ள மேசை, நாற்காலி எல்லாம் இந்த வண்டியில ஒரு சீட்டுதான். போற வழியில படிச்சாத்தான் படிப்பு. இன்னும் ரெண்டு பாடம் பாக்கி. கெஞ்சிக் கூத்தாடி, இன்னைக்குச் சீக்கிரமே கிளம்பி வந்திருக்கா. எதுக்கு? உன்னைப் பாத்துகிட்டே நிக்கறதுக்கா?"

சொல்ல வேண்டியது துண்டுக்கு ஒன்று இருந்தது. வழக்கமாக அதைச் சொன்னால் எல்லோரும் அடங்கிவிடுவார்கள்.

"நீ சின்னத் துணி," என்றது கடைசியில். "உனக்குத் தெரியாது. நான் தோள்ல கிடக்கிறவன். எனக்குன்னு ஒரு கௌரவம் இருக்கு. அதை விட்டுட்டு நான் எந்திரிக்க முடியாது."

கைக்குட்டை வாயைத் திறப்பதற்குள் இருக்கை பேசியது. இந்த முறை கிண்டல் இல்லை.

"தோளுக்கு எப்ப ஏறின?"

"என்ன?"

"உன்னைக் கேக்கல. உன் வம்சத்தைக் கேக்கறேன். இந்த வழியில நிறைய ஊரு இருக்கு. என் மேல உக்காந்து வர்றவங்க நிறையப் பேசிகிட்டு வருவாங்க. நான் எல்லாத்தையும் கேட்டிருக்கேன். உன் ஆளோட தாத்தா, பெரிய வீட்டு வாசலைத் தாண்டும்போது துண்டைத் தோள்ல போட்டுகிட்டுத் தாண்ட முடிஞ்சுதா?"

துண்டு சுருங்கியது. கூடை சொல்லிக்கொடுத்த விறைப்பு எங்கேயோ போய்விட்டது.

முடியவில்லை. அது அதற்குத் தெரியும். கடை அலமாரியில் அடுக்கி வைத்திருந்த காலத்தில் கீழ்த்தட்டுத் துண்டுகள் இதைப் பற்றித்தான் பேசிக்கொள்ளும். தெருமுனை வந்ததும் தோளிலிருந்து இடுப்புக்கு இறங்க வேண்டும். இல்லையென்றால் கக்கத்துக்குள் ஒடுங்க வேண்டும். இறங்கமாட்டேன் என்று சொன்ன துண்டுகளைக் கிழித்திருக்கிறார்கள். துண்டோடு தோளையும் சேர்த்து அடித்திருக்கிறார்கள். அப்படி அடி வாங்கி, எதிர்த்து நின்று, ஒவ்வொரு தெருவாக ஏறித்தான் துண்டு தோளுக்கு வந்தது.

"அதனாலதான்," என்றது துண்டு. "அதனாலதான் சொல்றேன். அத்தனை பேர் எங்களை இறக்கினாங்க. இனிமே நாங்க எங்கயும் இறங்கமாட்டோம்."

"சரி. இறங்காத," என்றது கைக்குட்டை. "ஆனா நீ யாரை எதிர்த்து இறங்காம இருக்க? அந்தப் பெரிய வீட்டுக்காரனையா? அவன் கார்ல போறான். நீ எதிர்த்துகிட்டு இருக்கிறது, காலையிலேருந்து நின்னுகிட்டிருக்கிற இந்தப் புள்ளையை. பிள்ளையைத் தூக்கிகிட்டு நிக்கிற அந்தக் கோமதியக்காவை. உன் ஆளோட தாத்தா நின்ன இடத்துல இப்ப யாரு நிக்கிறாங்க, பெரிய வீடு இருந்த இடத்துல இப்ப யாரு படுத்திருக்காங்க, கொஞ்சம் யோசிச்சுப் பாரு."

வண்டி ஒரு வளைவில் திரும்பியது. கூட்டம் மொத்தமும் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பாண்டிமீனா விழப் போனாள். சட்டென்று குனிந்து இருக்கையின் முதுகுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அவள் நெற்றியிலிருந்து ஒரு சொட்டு வியர்வை நழுவித் துண்டின் ஊதாக் கரைக்குப் பக்கத்தில் விழுந்தது.

விழுந்த சொட்டைத் துண்டு குடித்துவிட்டது. குடிக்கலாமா, வேண்டாமா என்று அது யோசிக்கவில்லை. துண்டாகப் பிறந்ததன் முதல் வேலையே அதுதான். உப்புக் கரித்தது. வெதுவெதுப்பாக இருந்தது. சட்டை முனையால் முகம் துடைத்துக்கொண்டு வேடசந்தூருக்குப் போய்க்கொண்டிருந்த மனிதரை அது நினைத்துக்கொண்டது. தான் அவர் தோளில் இருந்திருந்தால் அங்கே ஒரு வேலை இருந்திருக்கும். இங்கே தான் செய்துகொண்டிருப்பதற்குப் பெயர் என்ன?

"நான் கீழ விழப் போறேன்," என்றது துண்டு.

கூடை பதறிவிட்டது. "பைத்தியமா? கீழ எல்லாம் செருப்புக் காலு! எச்சில் கிடக்கும், நிலக்கடலைத் தொலி கிடக்கும். தோள்ல கிடந்தவன் போய்ச் செருப்புக்கு அடியில கிடப்பியா? மிதிச்சுருவாங்க தம்பி!"

"மிதிக்கட்டும்," என்றது துண்டு.

"இது யாரும் உன்னை இறக்கி விடறதில்ல, நீயா இறங்கறது," என்றது இருக்கை மெதுவாக. "அந்த வித்தியாசம் உனக்குத் தெரிஞ்சாப் போதும்."

அடுத்த வேகத்தடையில் வண்டி துள்ளியது. துண்டு முதலில் ஒரு முனையை விட்டது. பிறகு கண்ணை மூடிக்கொண்டு முழுசாக வழுக்கித் தரையில் விழுந்தது.

இருக்கை வெறுமையாக இருந்தது. இரண்டு பேர் இடம். துடைத்துவிட்ட மாதிரி காலி.

எல்லோரும் பார்த்தார்கள். யாரும் உட்காரவில்லை.

பால்பாண்டி தொண்டையைச் செருமினார். "ஏம்மா, துண்டு விழுந்துருச்சு பாரு. எடுத்துச் சீட்டுல போடு."

பாண்டிமீனா புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குனிந்து எடுத்தாள். உதறினாள். நாள் முழுக்கத் துணி மடித்த கை சும்மா இருக்குமா? இரண்டு உதறு, மூன்று மடிப்பு. அழகாக மடித்து இருக்கையில் வைக்கப் போனாள்.

"போடாதடீ!" என்று கைக்குட்டை அலறியது. மனிதர்களுக்கு அது எங்கே கேட்கிறது? துண்டு அவள் கையில் கனத்தது. விழுந்தும் பிரயோசனமில்லையே, இவர்களே எடுத்துவைத்து இவர்களே கும்பிடுவார்கள் போலிருக்கிறதே என்று அதற்கு அழுகை வந்தது.

நல்ல வேளை, நடத்துநர் வந்து சேர்ந்தார்.

"டிக்கெட், டிக்கெட். ஏன்ப்பா, ரெண்டு சீட்டு காலியா கிடக்கு, எல்லாரும் என் மேலயே ஏறி நிக்கிறீங்க?"

"ஆள் வருதுண்ணே," என்றார் பால்பாண்டி.

"எந்த ஆளு?"

"யாரோ பெரிய ஆளாம். பின்னாடி நிக்கிறாராம்."

"நான் பின்னாடியிலேருந்துதான் வர்றேன். அங்க எல்லாம் நம்மளை மாதிரிதான் நிக்கிறாங்க."

"துண்டு கிடந்துச்சே."

"துண்டுக்கு நான் டிக்கெட் போடல," என்றார் நடத்துநர். அதற்கு மேல் அவருக்கு நேரம் இல்லை. "என்னமோ பண்ணுங்க, வழியை விடுங்க," என்று கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் போய்விட்டார்.

பாண்டிமீனா கையில் இருந்த துண்டைப் பார்த்தாள். இருக்கையைப் பார்த்தாள். சுற்றி நின்றவர்களின் முகங்களைப் பார்த்தாள். ஒவ்வொரு முகமும் 'நாம் ஏன் வம்புக்குப் போகணும்' என்று வேறு பக்கம் திரும்பியது. கெண்டைக்கால் நரம்பு சுண்டி இழுத்தது. கக்கத்தில் இருந்த புத்தகத்தில் இரண்டு பாடம் அப்படியே இருந்தது.

மடித்த துண்டை அவள் பிரித்தாள். எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டாள்.

"ஆள் வந்தாச்சு," என்றாள்.

"எங்கம்மா?" என்று பால்பாண்டி எட்டிப் பின்னால் பார்த்தார்.

"இங்கதான். நான்தான் அந்த ஆளு."

சொல்லிவிட்டு ஜன்னலோரம் நகர்ந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் அவளையறியாமல் ஒரு பெருமூச்சு வந்தது. அந்த மூச்சை இருக்கை முழுசாக வாங்கிக்கொண்டது.

பால்பாண்டிக்குப் பொறுக்கவில்லை. "இதென்னம்மா நியாயம்? அடுத்தவன் துண்டை எடுத்துப் போட்டுகிட்டு…"

"அண்ணே, இவ்வளவு நேரமும் வெறும் துண்டுக்கு வழி விட்டு நின்னீங்க. துண்டு போட்ட ஆளுக்கு விடமாட்டீங்களா?"

பேருந்து சிரித்தது. முதலில் பிள்ளைக்காரி கோமதி சிரித்தாள், அப்புறம் பக்கத்தில் நின்ற இரண்டு பேர், அப்புறம் யாரென்று தெரியாத ஒரு கனத்த குரல்.

"அந்தத் துண்டுக்காரர் வந்து நின்னார்னா சொல்லட்டும், பேசிக்கலாம்," என்றாள் பாண்டிமீனா. "அவரும் நின்னு களைச்சுப் போயிருந்தா எந்திரிச்சு இடம் குடுக்கிறேன். துண்டைப் பாத்து மட்டும் எந்திரிக்கமாட்டேன்."

பால்பாண்டி ஏதோ சொல்ல வந்து, சுற்றிலும் பார்த்து, மீசையைத் தடவிக்கொண்டார். "நானும் அதைத்தானே சொல்றேன். ஆள் வந்தா உக்காரலாம்னுதானே சொன்னேன்," என்றார். அவர் அப்படிச் சொல்லவே இல்லை. ஆனாலும் போகட்டும், பக்கம் மாறுகிறவர்களுக்கும் ஒரு கௌரவமான வழி வேண்டும்தான்.

பாண்டிமீனா பக்கத்து இடத்தைத் தட்டிக்காட்டினாள். "யக்கா, வாங்க. எவ்வளவு நேரம் புள்ளையைத் தூக்கிகிட்டு நிப்பீங்க?"

கோமதி வந்து உட்கார்ந்தாள். பிள்ளை உடனே அழுகையை நிறுத்தியது, அதற்கும் கால் நீட்ட இடம் கிடைத்தது.

முன் இருக்கையில் அமலோற்பவம் அக்கா கொஞ்ச நேரம் நெளிந்தார். ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். உள்ளே பார்த்தார். யாரும் அவரை ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை போலும். கூடையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் நின்ற கிழவரிடம், "உக்காருங்கய்யா, எனக்கு மடியில வச்சாலும் ஒண்ணுதான்," என்றார்.

"ஏய்! ஏய்! என்னைக் கேக்காம!" என்று கூடை கத்தியது. மடியில் உட்கார்ந்ததும் நான்கு மாம்பழமும் ஒரு பக்கமாக உருண்டன. பார்க்கச் சின்னக் கூடையாகத்தான் இருந்தது.

எல்லாம் அதோடு மாறிவிட்டது என்று சொல்ல வரவில்லை. பின் இருக்கையில் சீப்பு ஒன்று மட்டும் கடைசி வரை தனியாக உட்கார்ந்து வந்தது. அதைப் போட்டவர் பக்கத்திலேயே காலை அகட்டி உட்கார்ந்து தூங்குவது போல நடித்துக்கொண்டிருந்தார். அவரை எழுப்ப இன்னொரு நாள், இன்னொரு பெண் வேண்டும். வருவாள்.

பாண்டிமீனா தோளிலிருந்த துண்டை எடுத்து நாலாக மடித்து மடியில் வைத்தாள். அதன் மேல் புத்தகத்தை விரித்தாள். வண்டி குலுங்கும்போதெல்லாம் துண்டு தன் மடிப்புகளுக்குள் அந்தக் குலுக்கலை வாங்கிக்கொண்டது, வரி அசையாமல் பார்த்துக்கொண்டது. அவள் உதடு அசைந்து அசைந்து படித்தாள். இடையிடையே துண்டின் ஒரு முனையை இழுத்து, யோசிக்காமல், கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். கைக்குட்டை புத்தகத்தின் ஓரத்தில் ஓய்ந்து கிடந்தது. அதற்கும் ஒரு நாள் ஓய்வு வேண்டாமா?

அவள் ஊருக்குப் பாதை பிரிகிற விலக்கு வந்தபோது ஒரு பாடம் முடிந்து, இரண்டாவது பாடம் முக்கால் பங்கு முடிந்திருந்தது. மீதியை இறங்கி நடக்கிற வழியில் மனதுக்குள் ஓட்டிக்கொள்வாள். அவள் எழுந்தாள். துண்டை மறுபடி அழகாக மடித்து இருக்கையின் முதுகுக் கம்பியில் தொங்கவிட்டாள். "யாரோடதோ. தேடி வந்தா எடுத்துக்கட்டும்," என்று கோமதியிடம் சொன்னாள்.

"வர்றேன்," என்றது கைக்குட்டை. "கோவத்துல ஏதேதோ பேசிட்டேன். மனசுல வச்சுக்காத."

"வச்சுக்குவேன்," என்றது துண்டு. "நல்லா வச்சுக்குவேன். நீ போய் அவளை எழுத வை."

அவள் இறங்கி நடந்தாள். விந்தி விந்தித்தான் நடந்தாள், ஆனாலும் உதடு அசைந்துகொண்டே போனது.

நத்தம் பேருந்து நிலையத்துக்குள் வண்டி நுழைந்தது. சக்கரம் நிற்கவில்லை. பலகையை யாரும் படிக்கவில்லை. ஜனம் ஓடிவந்தது. ஜன்னல் வழியாக ஒரு பை வந்தது, ஒரு பாட்டில் வந்தது. பிறகு புத்தம் புதுத் தொப்பி ஒன்று சுழன்று வந்து, கோமதியும் எழுந்துவிட்டதால் காலியாக இருந்த அந்த இருக்கையின் நட்டநடுவில், இரண்டு இடத்துக்கும் பொதுவாக விழுந்தது. விழுந்ததும் விளிம்பை நிமிர்த்திக்கொண்டது. கம்பியில் தொங்கிய துண்டை மேலும் கீழும் பார்த்தது.

"யாரும் கிட்ட வரக் கூடாது," என்றது தொப்பி. "இது என் இடம்."

துண்டு கோபப்படவில்லை. கம்பியிலிருந்து கொஞ்சம் குனிந்து, உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும் என்பது போலக் கேட்டது.

"உனக்குக் கால் வலிக்குதா?"